மரச்சீனித் தோட்டத்தில் சென்சார்: லாபமா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

வெள்ளறடை, பாறசாலை பக்கம் உங்கள் வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. நீங்கள் வெளியூரில் வேலை. அப்பாவுக்கு ஒரு மண் சென்சார் வாங்கிக் கொடுக்கலாமா?

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. அதே மாவட்டத்தில், ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'இ-கிராப்' என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. தோட்டத்தில் நிறுத்தினால் வானிலையையும் மண்ணையும் அளந்து, பயிருக்கு எவ்வளவு தண்ணீர், உரம் தேவை என்று எஸ்.எம்.எஸ். அனுப்பும். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கருவி இன்னும் எளிமை. மண்ணில் குத்தினால், ஈரம் இருந்தால் நீலம் அல்லது பச்சை, குறைந்தால் ஆரஞ்சு, ரொம்பக் காய்ந்திருந்தால் சிவப்பு விளக்கு எரியும்.

பலனை அளப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "போன வருஷத்தைவிட விளைச்சல் கூடியிருக்கு" என்பது ஆதாரமே இல்லை. இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருக்கலாம். பக்கத்துத் தோட்டத்தோடு ஒப்பிடுவதும் சரிவராது. சென்சார் வாங்குகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே கையில் காசும் அக்கறையும் உள்ளவர், அவருக்கு எப்படியும் கூடத்தான் விளையும். ஒரே தோட்டத்தில் பாதிக்கு சென்சார் சொல்கிறபடி, மீதிக்கு அப்பா வழக்கப்படி. ஒரே ரகம், ஒரே நாளில் நடவு. முடிந்தால் இரண்டு சீசன். உர மூட்டை, ஆள்கூலி, மோட்டார் ஓடிய மணிநேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். 'உரம் போடு' என்று மெசேஜ் வந்த அன்று ஆள் கிடைத்ததா என்பதையும். கிடைக்காவிட்டால் அது கருவியின் தோல்வி அல்ல, ஆனால் உங்கள் பணம் போனது போனதுதான்.

இனி ஊர் நிலவரம். இங்கே மரச்சீனி பெரும்பாலும் மழையை நம்பிய பயிர். பாய்ச்சாத தண்ணீரை எப்படி மிச்சம் பிடிப்பது? லாபம் வந்தால் உரத்தில்தான் வரும். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி கேரளத்தில் சராசரி நிலம் 0.18 ஹெக்டேர், அதாவது சுமார் 44 சென்ட். அதிலும் சரிவு, தென்னை நிழல், நடுவே வாழை. மேட்டில் சிவப்பு காட்டும் மண் பள்ளத்தில் நீலம் காட்டும். எனவே வீட்டுக்கு ஒரு கருவி கட்டுப்படியாகாது என்றே தோன்றுகிறது. ஒரே மாதிரி மண் உள்ள நாலைந்து வீடுகள் சேர்ந்து வாங்கலாம். கிருஷி பவனில் கேட்டுப் பாருங்கள்.

எல்லை தாண்டி தமிழ்நாட்டில் கணக்கு வேறு. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், மோட்டார் ஓடாத மணிநேரம் பாக்கெட்டில் தெரியாது. கிணற்று மட்டத்தில் தெரியலாம், அதையும் அளந்தால்.

காட்டுப்பன்னி தோண்டிய கிழங்கைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பழி சென்சார் மேல் விழும்.