நெய்தல் மகளிர் துயிலின்மையும் யோக நெறியும்

துயிலின்மை இக்காலத்துத் தோன்றிய நோய் எனக் கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பதனையும், அதற்கு யோகம் மருந்தாக வந்த வரலாற்றையும், இராமநாதபுரக் கடற்கரையை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், காதலால் நலிவுற்ற தலைவியின் மெய்ப்பாடுகளுள் பசலை பாய்தல், உண்டியிற் குறைதல் என்பவற்றோடு 'கண்துயில் மறுத்தல்' என்பதனையும் எண்ணுகின்றது. குறுந்தொகை 6ஆம் பாட்டில் பதுமனார் படைத்த நெய்தல் தலைவி, ஊரும் உலகும் உறங்கும் நள்ளிரவில் தான் ஒருத்தியே விழித்திருத்தலைத் தோழிக்கு உரைக்கின்றாள். திருமங்கையாழ்வார் திருப்புல்லாணியைப் பெரிய திருமொழியில் தலைவி கூற்றாக இரண்டு பதிகங்களிற் பாடினார். பனைமரத்து அன்றிலின் குரல் அத்தலைவியை வருத்துகின்றது. பனை மல்கிய இக்கரைக்கு அக்காட்சி மிகவும் இயைவதேயாம். இவ்விலக்கியங்கள் துயிலின்மைக்குக் காணும் மருந்து ஒன்றே. அது பிரிந்தோன் வருகை.

மறுபுறம், யோக நூலார் மூச்சினை நன்கு அறிந்திருந்தனர். திருமூலர் பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என வகுத்தார். வெளிவிடுங் காலம் உள்வாங்குங் காலத்தின் இருமடங்காதல் நோக்கத்தக்கது. ஆயினும் அவர் வேண்டியது உறக்கம் அன்று. பதஞ்சலியார் உறக்கத்தை அடக்கற்குரிய ஐவகைச் சித்த விருத்திகளுள் ஒன்றாகவே வைத்தார். அவர் இராமேசுவரத்தில் அடங்கினார் என்பதொரு வழக்கும் உண்டு. ஆகவே, துயிலாத மகளும் துயிலை வென்ற யோகியும் ஒரே கரையில் வைத்து எண்ணப்பட்டும், ஒருவர்க்கு மற்றவர் பயன்பட்டிலர்.

இவ்விடைவெளி குறையத் தொடங்கியது பிற்காலத்தேயாம். நியூயார்க்கில் மகளிரும் இருந்து கேட்ட சொற்பொழிவுகளினின்று உருவான 'இராசயோகம்' என்னும் நூல் 1896இல் வெளிவந்தது. அதன் ஆசிரியராகிய விவேகானந்தர் 1897 சனவரி 26இல் பாம்பனில் கரையிறங்க, பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டார். துறவியர்க்கே உரியதெனக் கருதப்பட்ட நெறி இல்லறத்தார்க்கும் உரியதாயிற்று.

இந்நூற்றாண்டில் மருத்துவரும் இதனை ஆராய்ந்தனர். மாதவிடாய் நின்ற மகளிரிடையே பிரேசில் நாட்டில் நிகழ்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், 4 திங்கள் யோகம் பயின்றார்க்குத் துயிலின்மை குறைந்தது. அமெரிக்காவில் 2014இல் வெளிவந்த 12 வார ஆய்வில், உடல் வெப்பெழுச்சி தணியாவிடினும் துயிலின்மை தணிந்தது. மெல்ல நீள விடும் மூச்சு நெஞ்சத் துடிப்பைத் தாழ்த்தி உடலை ஓய்வுக்கு இணக்குதல் இதற்கு ஒரு காரணமாகலாம்.

எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. 1964 திசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. கடல்மேற் சென்றோர் அயல்நாட்டார் கையிற் சிறைப்படுதல் இன்றும் நிகழ்கின்றது. கணவனையோ மகனையோ எதிர்நோக்கி விழித்திருக்கும் மகளுக்கு மூச்சுப் பயிற்சி உடலை ஆற்றும். படகைக் கரை சேர்க்காது. துயிலின்மையின் காரணம் தலைவியின் உடலின் புறத்தது என்பதனை நெய்தற் புலவர் நன்கு உணர்ந்திருந்தனர். யோகத்தைப் பரிந்துரைப்போர் அவ்வுணர்வையும் உடன்கொள்ளுதல் வேண்டும் என்பது எம் துணிபு.