பேட்மேனின் குரல்: ஒரு வழக்கத்தின் வரலாறு

அமெரிக்க மீநாயகர் கதைகளில், ஒரு பாத்திரத்துக்கு முன்பு குரல் கொடுத்தவரையே பல ஆண்டுகள் கழித்து மீண்டும் அழைத்துப் பேசவைக்கும் வழக்கம் திரையரங்கில் பிறந்ததன்று. அதன் வேர் வானொலியில் இருக்கிறது. 1940 பிப்ரவரியில் தொடங்கிய சூப்பர்மேன் வானொலித் தொடரில் நாயகனாகப் பேசிய பட் காலியர், செய்தியாளர் கிளார்க் கென்ட்டுக்கு உயர்ந்த, மென்மையான குரலையும் சூப்பர்மேனுக்குத் தாழ்ந்த, கனத்த குரலையும் கையாண்டு, ஒரே வாக்கியத்துக்குள் முன்னதிலிருந்து பின்னதற்கு இறங்கினார்; உடை மாற்றத்தைக் கண்ணுக்குக் காட்ட இயலாத ஊடகத்தில் அதைக் காதுக்குப் புலப்படுத்திய உத்தி இது. 1941இல் ஃபிளைஷர் நிறுவனம் சூப்பர்மேன் குறும்படங்களை வெளியிடத் தொடங்கியபோது காலியரே பேசினார். வானொலித் தொடர் நின்று 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 1966இல் ஃபில்மேஷன் நிறுவனம் தொலைக்காட்சிக்காகத் தயாரித்த அசைபடத் தொடரிலும் அவரும், லோயிஸ் லேனாகப் பேசிவந்த ஜோன் அலெக்சாண்டரும் பழைய பாத்திரங்களுக்கே திரும்பினர்.

இங்கே குரல் நடிகர் என்பவரைத் தமிழ்த் திரையுலகின் டப்பிங் கலைஞரோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. டப்பிங் கலைஞர் முன்பே படமாக்கப்பட்ட உதட்டசைவுக்குத் தம் பேச்சைப் பொருத்துகிறார். அமெரிக்க அசைபடத்திலோ பெரும்பாலும் பேச்சு முதலில் பதிவாகி, அதைக் கேட்டே ஓவியர்கள் முகபாவத்தையும் அசைவையும் வரைகின்றனர் என்பதால், பாத்திரத்தின் நடிப்பு குரலிலிருந்தே தொடங்குகிறது.

1992 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய பேட்மேன் அசைபடத் தொடர் இதற்குச் சிறந்த சான்று. அதன் குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ, இயன்றவரை நடிகர்களை ஒரே அறையில் கூட்டி, வானொலி நாடகம்போல ஒருவர் பேச்சுக்கு மற்றவர் எதிர்வினை தருமாறு பதிவு செய்தார். ஜூலியர்ட் கலைப்பள்ளியில் பயின்ற மேடை நடிகரான கெவின் கான்ராய், செல்வர் புரூஸ் வேய்னுக்கும் முகமூடியணிந்த பேட்மேனுக்கும் தனித்தனிக் குரல் வைத்தார். காலியரின் உத்தியே இது எனினும், கான்ராயிடம் அது வேடிக்கையாக அன்றி ஒரு மனக்காயத்தின் இரு பக்கங்களாக ஒலித்தது. ஜோக்கருக்கு முதலில் தேர்வான டிம் கரி விலக, ஸ்டார் வார்ஸ் புகழ் மார்க் ஹாமில் அவ்விடத்துக்கு வந்தார். கான்ராயும் ஹாமிலும் 1993இன் மாஸ்க் ஆஃப் தி ஃபாண்டஸம் திரைப்படத்திலும் தொடர்ந்தனர்.

வார்னர் நிறுவனம் 2007 முதல் வெளியிட்ட தனி அசைபடங்களில் இவ்வழக்கம் தானாகத் தொடரவில்லை. பல படங்களுக்குப் புதிய நடிகர்களே அமர்த்தப்பட்டனர். ஆயினும், ஜப்பானியக் கலைக்கூடங்கள் வரைந்த ஆறு தனிக் கதைகளைக் கொண்ட காதம் நைட் (2008) படத்தில் கதைக்குக் கதை பேட்மேனின் முகமும் உடற்கட்டும் மாறினாலும் கான்ராயின் குரல் மாறவில்லை; இவ்வழக்கத்தின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் வேறில்லை எனலாம். மறுபுறம், கான்ராயும் ஹாமிலும் மீண்டும் இணைந்த தி கில்லிங் ஜோக் (2016), மூலக்கதையில் இல்லாத நீண்ட முற்பகுதியைச் சேர்த்துக்கொண்டு தடுமாறியது. நலிந்த திரைக்கதையைப் பழகிய குரல்கள் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதற்கு அதுவும் சான்றாயிற்று.

அதே ஆண்டு, 1966இன் நேரடி நடிப்புத் தொடரில் பேட்மேனாகத் தோன்றிய ஆடம் வெஸ்ட், தம் 88ஆம் வயதில், அத்தொடரின் பொன்விழாவையொட்டிய அசைபடத்துக்குக் குரலாகத் திரும்பினார். அடுத்த படம் 2017 அக்டோபரில் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. கான்ராய் 2022 நவம்பரில் மறைந்தார்; அவர் முன்பே பதிவு செய்திருந்த பேச்சு, 2024 ஜூலையில் வெளிவந்த கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் படத்தின் மூன்றாம் பகுதியில் பேட்மேனுடையதாகவே ஒலித்தது.