சொல்லின் பொருளும் குடிகளின் கதியும்

ஒரு வாசகத்துக்குப் பொருள் காணுதல் ஏட்டுப் புலவர்க்கே உரிய தொழில் என்று எண்ணுவோர் உளர். அதனால் பொதுமக்களுக்கு விளையும் நன்மை தீமை யாது என்றும் அவர்கள் வினவுவர். இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கேகாலை மாவட்டத்தில், வரக்காப்பொலவுக்குத் தெற்கே உள்ள ருவன்வெல்லத் தேர்தல் தொகுதியில் எழுந்த ஒரு வழக்கே போதிய விடையாகும். அரசியலமைப்பின் ஒரு பிரிவை எவ்வாறு வாசிப்பது என்ற கேள்வி அங்கே எழுந்தது. அதற்குக் கிடைத்த மறுமொழி, இறப்பர்க் காடுகளிலும் தேயிலை மலைகளிலும் உழைத்த ஒரு மக்கட் கூட்டத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாக நாடற்றோராய் நிறுத்திற்று.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்க்கு மட்டும் இடர் விளைத்து ஏனைய சமூகத்தாரை விட்டுவிடும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என விலக்கியிருந்தது. அவ்விலக்கு நடைமுறையில் இருக்கும்போதே மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் முதலாவது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இரண்டாவது. குடியுரிமை உடையவர்க்கே வாக்கு என வரையறுத்த 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் மூன்றாவது. 1947இல் வாக்களித்த தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் 1952இல் வாக்குச் சாவடியை அணுகவும் இயலாதவராயினர்.

இந்நிலையில், ருவன்வெல்லத் தொகுதியின் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடாக்கன் பிள்ளை என்பவர் கோரினார். குடியுரிமை இல்லை என்று கூறிப் பதிவு அதிகாரி மறுத்தார். விசாரித்த திருத்த அதிகாரி சிவஞானசுந்தரம், இச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை, ஆதலின் செல்லா என்று துணிந்து தீர்ப்புரைத்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. 1953 மே மாதத்தில் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் கோடாக்கன் பிள்ளையின் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

நீதிமன்றங்கள் எவ்வாறு வாசித்தன என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டியது. குடியுரிமைச் சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றே அது விதித்தது. விதி எல்லார்க்கும் பொது, சொல் தெளிவு, ஆகவே சொல்லுக்கு அப்பாற் சென்று நோக்கத்தைத் துருவ வேண்டியதில்லை என்பது உயர் நீதிமன்றத்தின் நிலை. பிரிவிக் கவுன்சில் இதனினும் ஒரு படி முன்னே சென்றது. நேராகச் செய்யலாகாததைச் சட்டம் மறைமுகமாகச் செய்யினும் அது செல்லாது என்ற தத்துவத்தை அது ஒப்புக்கொண்டது. ஆனால் இவ்வழக்கிற்கு அத்தத்துவத்தைப் பொருத்த மறுத்துவிட்டது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கத்தைச் சோல்பரி அறிக்கையிலிருந்து எடுத்துக்கொண்டு, அது குடியுரிமைத் தகுதியைப் பற்றிய செய்தியே அன்றி அவர்களைச் சமூகம் என்ற முறையில் தொடுவதன்று எனக் கூறிற்று.

இவ்வாசகத்தில் உள்ள முரணை நோக்குக. ஒரு வழக்கத்தை ஒரு சமூகத்தின் பெயராலேயே அடையாளம் காட்டிவிட்டு, அடுத்த கணமே அதற்கும் சமூகத்திற்கும் தொடர்பில்லை என்கிறது அது. சொற்கள் வெளிப்படையாகவும் குறிப்பாகவும் பொருள் உணர்த்தும் என்று தொல்காப்பியர் பகுத்தார். நம் உரையாசிரியர்கள் சொல் நிற்கும் இடத்தையும் கேட்போர் நிலையையும் கருதியே பொருள் கொண்டனர். பூட்டனின் பிறப்பை நிறுவுக என்ற கட்டளை எல்லார் காதிலும் ஒரே சொல்லாகவே விழும். ஆனால் எல்லார் வாழ்விலும் ஒரே பொருளைத் தராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இந்நாட்டில் பிறப்புப் பதிவு கட்டாயமாக இருந்ததில்லை. வரக்காப்பொலக் கிராமத்துச் சிங்களக் குடியானவனிடமும் பூட்டனின் பிறப்புச் சான்று இருந்திராது. அவனிடம் அதனை எவரும் கேட்கவில்லை. லயத்தில் வாழ்ந்தவனிடமே கேட்டனர். இவ்வேறுபாடு சட்ட ஏட்டில் எழுதப்படவில்லை. அது செயற்பட்ட முறையிலேயே தங்கியிருந்தது.

இடம்பெயரும் வழக்கம் என்ற குற்றச்சாட்டையும் இதே மாவட்டத்தின் வரலாறு கொண்டே அளந்து பார்க்கலாம். 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் சுவீகரித்து, தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் வெளியேற மறுத்தனர். அவர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் எழுந்தது. இருந்த இடத்தைவிட்டு அகலாதவர்மீது அத்துமீறல் வழக்கும் தொடரப்பட்டது. 1946இல் போக மறுத்தமை குற்றம். ஏழாண்டுகளின் பின் போகும் வழக்கமுடையோர் என்பது குறை! ஒரே மக்கள்மீது சுமத்தப்பட்ட இவ்விரு பழிகளும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடுமோ?

இனி, இச்சட்டத்தின் அடியில் கிடக்கும் தத்துவத்தைக் காண்போம். ஒருவன் இம்மண்ணிற் பிறந்து, இங்கேயே பால் வெட்டி, இங்கேயே மடிந்தாலும் அவன் பிறப்பு அவனுக்கு உரிமை தாராது. அவன் தந்தையின் பிறப்பே உரிமை தரும். மண்ணிற் பிறத்தல் மகனுக்கு ஒன்றும் ஈயவில்லையெனில், அதே பிறத்தல் தந்தைக்கு மட்டும் கையளித்துச் செல்லத்தக்க பொருளாய் மாறுவது எங்ஙனம்? குருதியில் காணாப் பொருளொன்று ஒழுகிவருகிறது என்ற நம்பிக்கையைத் தவிர இதற்கு வேறு ஆதாரமில்லை. வியப்பு யாதெனில், இம்மாயப் பொருளை மறுத்தது பௌத்தமே. சக்கரமும் அச்சும் நுகமும் ஒவ்வொன்றாய்த் தேர் ஆகா, அவை கூடிய இடத்துக்கு வழங்கும் பெயரே தேர் என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் விளக்கினார். ஒருவனைத் தாழ்ந்தோன் ஆக்குவது பிறப்பன்று, அவன் செய்கையே என்பது வசல சூத்திரத்தின் கருத்து. அறத்தின் பெயரால் ஆளும் நாடு சட்டம் இயற்றும்போது அவ்வறத்தின் அடிப்படையை மறந்தது.

வரக்காப்பொல வட்டாரமே மற்றொரு சான்றையும் தருகிறது. கண்டி வீதியில் நெலுந்தெனியவிலிருந்து உட்புறம் சென்றால் தெடிகமவின் கொட்டவெஹெரத் தூபியைக் காணலாம். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தாம் பிறந்த இடத்தில் எழுப்பியதாகச் சூளவம்சம் கூறும் தூபி இதுவென்பது ஆய்வாளர் துணிபு. அதே சூளவம்சம், அம்மன்னரின் தந்தைவழிப் பாட்டன் ஒரு பாண்டிய இளவரசன் என்றும், முதலாம் விஜயபாகுவின் தங்கை மித்தாவை அவன் மணந்தான் என்றும் பதிந்திருக்கிறது. பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்ற வழி பராக்கிரமபாகுவுக்கே அடைபட்டிருக்கும். எஞ்சிய வழியில் தந்தையின் பிறப்பை அவர் நிறுவ நேர்ந்திருந்தால், பதிவேடு ஏது? ஆயினும் அவரைச் சிங்கள நாட்டின் பெருமன்னராகக் கொள்வதில் எவர்க்கும் ஐயமில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. அவர் இன்னார் என்பதை முடிவு செய்தவை அவர் வெட்டுவித்த குளங்களும் ஆண்ட ஆட்சியுமே. சிங்கள அடையாளம் காலந்தோறும் வெவ்வேறு எல்லைகளோடு உருவாயிற்று என்று வரலாற்றாசிரியர் ஆர். ஏ. எல். எச். குணவர்தன 1979இல் எழுதியபோது பெரும் விவாதம் மூண்டதும், இதே கேள்வி இன்னும் கனன்றுகொண்டிருப்பதைக் காட்டிற்று.

இச்சான்றைக் காட்டி, நாமும் பாண்டிய வழியினர், ஆதலின் உரிமையுடையோம் என்று வாதிடுவது பிழையாகும். குருதித் தத்துவத்திற்குக் குருதித் தத்துவம் மறுமொழியாகாது. தொழிலாளியின் உரிமை அவன் பூட்டனிடமிருந்து வந்ததன்று. காடழித்துப் பயிரிட்ட கைகளிலிருந்தும், இங்கே புதையுண்ட எலும்புகளிலிருந்தும் வந்தது. பெயர்களின் வரலாறும் இதையே உணர்த்தும். 1911 குடிசன மதிப்பீட்டிலேதான் இந்தியத் தமிழர் என்ற தனிப் பகுப்பு தோன்றிற்று. அது ஆள்வோர் இட்ட பெயர். மலையகத் தமிழர் என்பது மக்கள் தாமே சூடிய பெயர். கேகாலையின் தாழ்நிலத்து இறப்பர்த் தோட்டங்கள் மலையல்ல. அண்டைச் சிங்களக் கிராமங்களோடு அவை பின்னிக் கிடக்கின்றன. எனினும் அங்குள்ளோரும் இப்பெயரை ஏற்றனர். அவர்களைப் பிணைத்தது நில உயரமன்று. ஒரே உழைப்பும் ஒரே இழப்புமேயாம்.

வாசிப்பின் விலை சிறிதன்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மாட்டுத் தொழுவத்தைப் பங்கிடுவோர்கூட மாடுகளின் குணத்தைச் சற்று ஆராய்வர். இங்கே மனிதரிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. 29ஆம் பிரிவு 1972இன் அரசியலமைப்பில் இடம்பெறாமலே மறைந்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே நாடின்மை பெருமளவில் நீங்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டனைத் தேடவில்லை. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கிற்று. வாழ்வே சான்று என்பதை ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சட்டமும் ஒப்புக்கொண்டது.

குடியுரிமை வந்தபின் பழைய வழக்கை ஏன் கிளற வேண்டும் எனச் சிலர் கேட்பர். லயத்து மக்களின் காணியுரிமையும் வீட்டுரிமையும் இன்னும் முழுமை பெறவில்லை. இனி வரும் சட்டங்களும் எச்சமூகத்தின் பெயரையும் கூறாமலே எழுதப்படலாம். அப்பொழுது அவற்றின் சொல்லை மட்டும் வாசித்து மனம் நிறைவோர் ஒருபுறம் இருப்பர். அச்சொல் யார் முதுகில் இறங்குகிறது என்று வாசிப்போர் மறுபுறம் இருத்தல் வேண்டும். ருவன்வெல்லப் பதிவேட்டின்முன் அமர்ந்த ஒரு திருத்த அதிகாரி அவ்வாறு வாசித்தார். மேல் மன்றங்கள் அவர் வாசிப்பைத் தள்ளின. காலம் அதனைத் தள்ளவில்லை.