வூட்ல சும்மாதான் இருக்கேன்

தலைப்பைப் பார்த்து சினிமா விமர்சனமோ என்று வந்திருந்தால் மன்னிக்கவும். இது புள்ளிவிவரக் கதை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கடைசி வரை ஃபார்முலா எதுவும் வராது.

போன செமஸ்டரில் பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடத்துக்கு ஒரு சின்ன ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். அவரவர் தெருவில் இருபது வீடு ஏறி, யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு அட்டவணை போட வேண்டும். ராயபுரத்தில் எங்கள் தெருவில் இருபது வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போதும். முதல் வீடாக எங்கள் வீட்டையே எழுதிக்கொண்டேன் (சோம்பேறித்தனம்தான், வேறென்ன). "அம்மா, நீ இன்னா வேலை பாக்குற?" என்று கேட்டேன். "இன்னாடா கேள்வி இது, வூட்ல சும்மாதான் இருக்கேன்" என்றார். 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

ராத்திரி கூட்டல் போடும்போதுதான் உறைத்தது. காசிமேட்டில் இறால் வரத்து இருக்கிற நாட்களில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இறால் உரிக்கப் போகிறவர் அம்மா. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. என் முதல் செமஸ்டர் ஃபீஸில் பாதி அந்தக் காசு. அதில் படிக்கிற நானே அவரை வேலை இல்லாதவர் பக்கத்தில் போட்டிருக்கிறேன்!

அப்படியென்றால் அரசாங்கக் கணக்கெடுப்பில் இதை எப்படிக் கேட்கிறார்கள், கேட்பவருக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். பார்த்தால், இந்தக் கதையின் ஒரு முனை நம்ம ஊரிலேயே இருக்கிறது.

1915ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து வந்தார். அவர் செய்த காரியம், மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் கிராமத்தை நீங்களே கணக்கெடுத்து வாருங்கள் என்று அனுப்பியதுதான். அப்படி வந்த இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம், தூசி போன்ற ஊர்களின் விவரங்கள் 1918ல் புத்தகமாக வந்தன. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய்க் கணக்கெடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய வீட்டுக்கணக்கு இன்றைக்கும் பயன்படுகிறது. (என்னைப் போலச் சொந்த வீட்டிலேயே கோட்டை விட்டவர்கள் அவர்களிலும் இருந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.)

அடுத்தது மகாலனோபிஸ். 1931ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். 1950ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியதும் இவர் யோசனையில்தான். அதே வருஷம் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருபவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தரும் சர்வதேச மையமும் கல்கத்தாவில் ஆரம்பித்தார்கள். மகாலனோபிஸின் ஒரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுவை, இரண்டு தனித்தனி மாதிரியோடு அனுப்புவார். இரண்டு பேர் கொண்டுவரும் கணக்குக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பார். கேட்கிற ஆளின் தவறு அதில் வெளியே வந்துவிடும். எங்களுக்கு டிரையல் பேலன்ஸ் மாதிரி.

ஆனால் காமர்ஸ் படிப்பவனுக்குத் தெரியும், டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டால் மட்டும் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் ஒரே தப்பு இருந்தால் அழகாக டாலி ஆகும். எங்கள் தெருவுக்கு இரண்டு குழு வந்தாலும் அம்மா இரண்டு பேரிடமும் "சும்மாதான் இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தைத்தான் தந்த்வாலா குழு பிடித்தது. 1970ல் அறிக்கை கொடுத்தார்கள். மாதச்சம்பளக்காரர்கள் நிறைந்த நாடுகளுக்கு ஒரே ஒரு வேலையின்மை எண் போதும், சொந்தத் தொழிலும் குடும்பத் தொழிலும் தினக்கூலியுமாக இருக்கிற இந்தியாவுக்கு அது பொருந்தாது என்பதுதான் சாரம். அதன்படி 1972-73ல் நடந்த 27வது சுற்றிலிருந்து ஒரே ஆளை மூன்று விதமாகப் பார்த்தார்கள்: போன ஒரு வருஷத்தில் பெரும்பாலும் என்ன செய்தார், போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தாரா, அந்த வாரத்தில் ஒவ்வொரு நாளும் அரை நாள் அரை நாளாக என்ன செய்தார்.

காசிமேட்டை வைத்துப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மே மாதம் ஒருவர் வந்து விசைப்படகுத் தொழிலாளியிடம் போன வாரத்தை மட்டும் கேட்டால் வேலை இல்லை என்று பதிவாகலாம். வருஷத்தைக் கேட்டால் வேலை உள்ளவர். இரண்டுமே உண்மை. நாள்கணக்கும் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களின் வேலையை ஒழுங்குபடுத்த 1948ல் சட்டம் வந்து, 1950களின் தொடக்கத்தில் மதராஸ் துறைமுகத்திலும் அதற்கு வாரியம் அமைந்தது. பேர் பதிந்தவர் வேலைக்கு வந்து நின்று, அன்று கப்பல் இல்லையென்றால் வருகைப்படி உண்டு. வேலை கிடைக்காத நாளையும் எழுதி வைத்தால்தானே அதைக் கொடுக்க முடியும்?

இப்போது இந்தக் கணக்கெடுப்பு 2017லிருந்து தொடர்ச்சியாக நடக்கிறது, 2025 முதல் மாதாமாதம் முடிவு வருகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை பார்ப்பவர், வேலை தேடுபவர் பங்கு 2017-18ல் 23.3 சதவீதம், 2023-24ல் 41.7 சதவீதம். இதில் எவ்வளவு புது வேலை, எவ்வளவு கூலியில்லாத குடும்ப உதவி, எவ்வளவு கேட்கிற விதத்தில் வந்த மாற்றம் என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் தீர்ப்பு சொல்கிற தகுதி இல்லை. ஆனால் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்குத் தரும் பயிற்சியில் முதல் பதிலோடு நிறுத்தாமல் துருவிக் கேட்கச் சொல்வது ஏன் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அவர்கள் விதிப்படி அம்மாவின் முதன்மை நிலை 92, அதாவது வீட்டு வேலை. அதோடு வருஷத்தில் 30 நாளாவது இறால் உரித்தால் துணை நிலையாக 51, கூலி வேலை. அந்த இரண்டாவது கட்டம் என் அட்டவணையில் இல்லவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது வீடும் மறுபடி ஏறினேன். "இன்னா வேலை" என்று கேட்கவில்லை. "நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து இன்னா இன்னா செஞ்சீங்கோ" என்று கேட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் ஆனது, இரண்டு வீட்டில் டீயும் கிடைத்தது. பூ கட்டுகிறவர், கருவாடு காயவைக்கிறவர், அண்ணன் கடையில் மத்தியானம் கல்லாவில் உட்காருகிறவர் என்று எல்லாம் 'இல்லத்தரசி'க்குள்ளிருந்து வெளியே வந்தது. அம்மா இறால் கதையைச் சொல்லிவிட்டு, "இதையெல்லாமா எழுதிக்கினு போவ?" என்றார்.

எழுதினேன். ஆனால் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய தேதி வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. அங்கே இருப்பது பழைய அட்டவணைதான்.