கொக்கியும் கொப்பியும்: நம் ஊவா இறைச்சிக்கடைகளின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஊர் வரலாறு எழுதும்போது நாம் பள்ளிவாசலை எழுதுகிறோம், பாடசாலையை எழுதுகிறோம், பஜாரில் இருந்த பெரிய புடவைக்கடையையும் நகைக்கடையையும் எழுதுகிறோம். இறைச்சிக்கடையை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, எல்ல என்று நம் பக்கத்து ஊர்களில் இந்தத் தொழிலைத் தலைமுறையாகச் செய்த குடும்பங்கள் இருந்தன. இன்னும் சில இருக்கின்றன. அவர்களின் கதை தெரியாமல் இந்த மலையில் நாம் எப்படி மற்றவர்களோடு வாழ்ந்தோம் என்பது முழுமையாக விளங்காது.

கதையைக் கண்டி இராச்சியக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்போது ‘மடிகே’ என்றொரு அரச பிரிவு இருந்தது. பொதிமாடுகளில் அரசனின் பொருட்களை ஏற்றி இறக்குவது அதன் வேலை. அதில் முஸ்லிம்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். உப்பு, கருவாடு, புடவை ஆகியவை கரையிலிருந்து மேலே வந்தன. பாக்கும் மிளகும் கீழே போயின. வரிசையாகப் பொதி சுமந்து போகும் மாட்டுக் கூட்டத்துக்குத்தான் தவளம் என்று பெயர். மாட்டை அறுப்பவர்கள் என்று மட்டும் நம்மைப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: மாட்டை வளர்த்து, அதற்கு வைத்தியம் பார்த்து, அதோடு நாட்கணக்கில் காட்டுவழி நடந்த சமூகமும் இதுதான்.

1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவில் ஹஜ்ஜி என்ற முஸ்லிமை முஹாந்திரமாக நியமித்தார்கள். அங்கிருந்த திசாவையின் அதிகாரத்தைக் குறைத்த அந்த நியமனம் ஊவா கிளர்ச்சிக்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 1818இல் கிளர்ச்சியை அடக்கிய முறை கொடூரமானது. கிராமங்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் அழிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன. வெல்லஸ்ஸ என்றால் நூறாயிரம் வயல் என்று பொருள். அந்த மண்ணில் மாடும் எருமையும் இல்லாமல் போனால் உழவும் இல்லை, சூடடிப்பும் இல்லை. இந்தப் பகுதிச் சிங்கள மக்களின் மனதில் மாட்டுக்கு இருக்கும் இடத்தை விளங்கிக்கொள்ள, பௌத்த மதக் காரணத்தோடு இந்தக் காயத்தையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அதன்பின் கோப்பித் தோட்டங்கள் வந்தன. இலைநோயில் கோப்பி அழிந்ததும் தேயிலை வந்தது. தோட்டத்தோடு துரைமார் பங்களாக்களும் சிறு பஜார்களும் வந்தன. துரை வீட்டுக்கு வாரம் தவறாமல் மாட்டிறைச்சி வேண்டும். டவுனுக்குப் போய் இறைச்சியும் சாமானும் சுமந்து வருவதற்கென்றே தோட்டத்தில் ஒரு தொழிலாளி இருந்தார். அவர் தலையில் வைத்துப் போன பெட்டிக்கு ‘பீஃப் பெட்டி’ என்றே பெயர். ஐஸ் கிடையாது, குளிரூட்டி கிடையாது. விடியற்காலையில் அறுத்த இறைச்சி சமையற்கார அப்புவின் கைக்குப் போய்ச் சேருவதற்குள் மைல் கணக்கில் நடந்தாக வேண்டும். அந்தப் பெட்டிக்கு இறைச்சி கொடுத்தே மலையகத்தில் பல இறைச்சிக்கடைகள் நிலைத்தன.

பண்டாரவளைக்கு ரயில் வந்தது 1894இல். அதற்கு முந்தின வருடம், 1893இல், ஆங்கிலேயர் 9ஆம் இலக்கக் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மாட்டுத் திருட்டு பெருந்தொல்லையாக இருந்த காலம் அது. திருடிய மாடு அறுபட்டுவிட்டால் தடயமே இருக்காது. அதனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் இந்தத் தொழில் செய்ய முடியாது என்று ஆனது. அறுக்கும் மாடு யாருடையது, யாரிடம் வாங்கியது, அதன் குறிசுடு என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கொக்கியில் இறைச்சி தொங்கும் முன் கொப்பியில் மாட்டின் விபரம் ஏற வேண்டும். பின்னர் 1958இன் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் பசுக்களையும் எருமைகளையும் அறுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

இந்தச் சட்டத்தில் நாம் அதிகம் கவனிக்காத ஓர் அம்சம் உண்டு. அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்தால் அது ஊருக்கு அறிவிக்கப்படும். ஆட்சேபணை இருந்தால் ஊரவர் எழுதிக் கொடுக்கலாம். கடையைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலானோர் சிங்கள பௌத்தர்களும், மாட்டிறைச்சி தொடாத தோட்டத்துத் தமிழ் இந்துக்களும்தான். அவர்கள் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். ஆனாலும் அத்தனை ஊர்களில், அத்தனை வருடங்களாக, இந்தக் கடைகள் நடந்தன. ஆகவே கடைச் சுவரில் தொங்கிய அந்தக் காகிதம் அரசாங்கம் கொடுத்ததுதான் என்றாலும், அயலவரின் சம்மதமும் அதில் சேர்ந்திருந்தது.

அந்தச் சம்மதத்தை அந்தக் குடும்பங்கள் எப்படிச் சம்பாதித்தார்கள்? போயா தினத்தில் கடை பூட்டு. வெசாக் என்றால் கதவருகில்கூட யாரும் நிற்பதில்லை. இறைச்சியை நேரே பாதையைப் பார்க்கத் தொங்கவிடாமல் திரை போட்டார்கள். மடுவம் பஜாரை விட்டுத் தள்ளி இருந்தது. ஆட்டிறைச்சிக்கு வேறு கத்தி, வேறு குற்றி வைத்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு லயத்து ஜனங்கள் கடையில் ஆட்டிறைச்சி வாங்குவார்கள், அல்லது பல குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிப் பங்கு போடுவார்கள். அந்தப் பங்குக்காக இரவோடிரவாக ஆடு அறுத்துக் கொடுத்ததும் இதே நானாமார்தான். சம்பள நாள் வரும்வரை கடன் கொப்பியில் எழுதிக் கொடுத்ததும் அவர்கள்தான். இறாத்தல் போய்க் கிலோ வந்தபோது அந்தக் கொப்பியில் அளவு மாறியது, வழக்கம் மாறவில்லை.

வெளியில் இருந்து பார்த்தால் அது ஒரு குடும்பத்தின் சொத்து. உள்ளே போனால் சொந்தமென்று சொல்ல அதிகம் இருக்காது. பல ஊர்களில் கடை அறையே நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ சொந்தம். வருடாவருடம் டெண்டர். யாராவது கூட்டிப் போட்டால் வாப்பா நின்ற இடத்தில் மகன் நிற்க முடியாது. மூத்தவர் சுபஹுக்கு முன்பே மடுவத்தில். பீ.எச்.ஐ. பார்த்து முத்திரை குத்திய பிறகுதான் இறைச்சி கடைக்கு வரும். பிள்ளைகள் தராசடியில். பாபத்தையும் காலையும் சுத்தம் செய்வது வீட்டுப் பெண்களின் வேலை. அது எந்தக் கொப்பியிலும் எழுதப்படாத உழைப்பு. கத்தி பிடித்த கை என்று அந்த வீட்டோடு கலியாணச் சம்பந்தம் பேசத் தயங்கியவர்கள் வெளியாட்கள் இல்லை, நாம்தான். அந்த வீட்டு ஈரலை விரும்பி வாங்கிக்கொண்டே தயங்கினோம்.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. துரைமாரோடு பீஃப் பெட்டியும் போனது. பிறகு பிராய்லர் கோழி வந்து எல்லா வீட்டுச் சட்டியையும் பிடித்துக்கொண்டது. 2013 வெசாக் அன்று கண்டியில் ஒரு பிக்கு மாடறுப்பை எதிர்த்துத் தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டு உயிரிழந்தார். 2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை உடன்பட்டது. 2021 ஒக்டோபரில் 1893ஆம், 1958ஆம் ஆண்டுச் சட்டங்களைத் திருத்தவும் அனுமதி கொடுத்தது. உண்பவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சி இறக்குமதி செய்யலாம் என்பதும் அந்த யோசனையில் இருந்தது. அதற்குள் டொலர் தட்டுப்பாடு வந்தது. தடை சட்டமாகவில்லை.

ஆனால் அந்த விவாதத்தில் ஒரு கேள்வி போதுமான அளவு கேட்கப்படவில்லை. பால் வற்றிய மாட்டையும் வேலைக்கு ஆகாத காளைக் கன்றையும் வைத்துக்கொண்டு ஒரு சிறு பண்ணைக்காரர் என்ன செய்வார்? மாடு விற்பவர்களில் சிங்களவரும் உண்டு, தமிழரும் உண்டு. கடை பூட்டினால் நஷ்டம் நம்மோடு நிற்காது. இதை ஆத்திரப்படாமல், கணக்கோடு எடுத்துச் சொல்ல நம்மிடம் ஆட்கள் இருக்க வேண்டும். அதற்கு ஆதாரமும் வேண்டும். ஆதாரம் அந்தப் பழைய வீடுகளின் அலுமாரிகளில்தான் இருக்கிறது.

எனவே இரண்டு வேண்டுகோள்கள்.

ஒன்று: பழைய அனுமதிப்பத்திரம், மாட்டுச் சீட்டு, கடன் கொப்பி, இறாத்தல் படிக்கல், கடையின் படம் ஏதாவது வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தொழில் செய்த பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லும் அவர்களின் அனுபவ அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது.

இரண்டு: உழ்ஹிய்யா நாட்களில் அந்த நானாமாரின் ஒழுங்கை நாமும் பிடிப்போம். திரை போட்டார்கள், கழுவினார்கள், அயலவரின் கண்ணை மதித்தார்கள். கழிவைப் பாதையோரத்தில் போட்டுவிட்டு, அறுப்பதைப் படமெடுத்து ஊருக்குக் காட்டினால் அவர்கள் தலைமுறையாகச் சேர்த்துவைத்த நல்லெண்ணத்தை ஒரே நாளில் செலவழித்தவர்கள் ஆவோம்.

அந்தத் தொழிலில் உழைத்து மௌத்தானவர்களின் கப்ருகளை அல்லாஹ் விசாலமாக்குவானாக. இன்றும் ஹலாலாக உழைப்பவர்களின் கையில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.