இகாமத்: எண்ணமும் ஏட்டுச் சான்றும்

வளைகுடா நாடுகளுக்குப் பணிக்குச் சென்றோரின் இல்லங்களில் ‘இகாமா’ என்னும் சொல்லை அறியாதார் இலர். வேப்பூர், விருத்தாசலம் போன்ற உள்நாட்டு ஊர்களிலும் அது பழகிய சொல்லே. குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டிய வசிப்பு அனுமதி என்பதே இன்று அதற்குரிய பொருள். ஆயின், ஃபிக்ஹு நூல்களில் இச்சொல்லுக்குள்ள பொருள் இதனினும் விரிவானது.

பயணத்திலிருப்பவர் ஓர் ஊரில் பதினைந்து நாள்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத் கொண்டால் அவர் ‘முகீம்’ ஆகிவிடுகிறார் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் போதும். அதன்பின் அவருக்குக் கஸ்ருச் சலுகை இல்லை. ஒருவருக்கு இரண்டு ஊர்களில் மனைவியும் இல்லமும் இருப்பின், இரண்டுமே அவருக்கு ‘வதன் அஸ்லி’ ஆகலாம் என்றும் ஹனஃபி அறிஞர் கூறுவர். ஆக, ஒரு மனிதர் இரு ஊர்களுக்கு உரியவராயிருப்பது நம் சட்டவியலுக்குப் புதிதன்று.

அரசின் சட்டமோ உள்ளத்து எண்ணத்தைக் காண வல்லதன்று, சான்று கேட்கிறது. அவ்வாறு கேட்டதன் விளைவை இலங்கை வரலாற்றில் காண்கிறோம்.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கு வாழ்ந்த இந்திய வம்சாவளியினருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவதற்கென 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். அதன் பின்னரும் விண்ணப்ப நாள் வரை அவ்வாழ்வு தொடர்ந்திருக்க வேண்டும். ஒருமுறை ஊர் சென்று பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கினால் தொடர்ச்சி அறுந்துபோகும். போதிய வருவாயும் காட்ட வேண்டும். மனைவியும் வயது வராத மக்களும் இலங்கையிலேயே வசித்திருக்க வேண்டும் என்பதே இவற்றுள் கடினமான நிபந்தனை எனலாம்.

இச்சட்டம் இரு சாராரைத் தாக்கிற்று. முதலாமவர் தேயிலை, இரப்பர்த் தோட்டத் தொழிலாளர். திருச்சி, சேலம் மாவட்டங்களோடு, வேப்பூரை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டமும் அவர்களை அனுப்பிய நிலமே. எழுத்தறியாத அவர்கள் பத்தாண்டுக்கு முந்தைய சான்றுக்கு எங்கே போவர்?

மற்றையோர் ‘கரையோரச் சோனகர்’ எனப்பட்ட தமிழக முஸ்லிம் வணிகர். கொழும்பு புறக்கோட்டையில் 1909இல் கட்டிமுடிக்கப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளி அவர்தம் பொருளாலும் உழைப்பாலும் எழுந்தது. கடை அங்கே, குடும்பம் இங்கே என்பது அவர்தம் தலைமுறை வழக்கம். மனைவி மக்கள் உடனிருந்தாக வேண்டும் என்ற விதி அவ்வழக்கத்தின் மீதே விழுந்தது. பள்ளிவாசல் கட்டிய சமூகத்தாருள் பலர், தற்காலிக வசிப்பு அனுமதியைக் கொண்டு நாள் கடத்தும் நிலைக்கு உள்ளாயினர்.

1951 ஆகஸ்டு 5 வரை ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். குடியுரிமை பெற்றோரோ சுமார் 1,34,000 பேர் மட்டுமே. எஞ்சியோரை, 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையால் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அவர்தம் நிய்யத் யாதென்று ஒப்பந்தம் செய்தோர் கேட்டிலர்.

சான்று கேட்பதே அநீதி என்று நாம் கூறவில்லை. கடனை எழுதி வைக்குமாறு ஏவும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது. ஆயினும், எளியவர் ஒருபோதும் வைத்திருக்க இயலாத சான்றைக் கேட்பது, தீர்ப்பை முன்னரே எழுதிவிட்டு வழக்கை விசாரிப்பதற்கு ஒப்பாகும்.

2003இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இதனை உணர்ந்தது போலும். 1964 அக்டோபர் 30 முதல் அங்கு நிலையாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடிமக்களாயினர். பிற நாட்டுக் கடவுச்சீட்டு உடையோர் ஓர் உறுதிமொழி அளித்தாலே போதும் என்றாயிற்று. வாழ்ந்தவரின் சொல்லைச் சட்டம் ஏற்பதற்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1951இல் விண்ணப்பத்தில் கைநாட்டு இட்டோருள் எத்தனையோ பேர் அதற்குள் அம்மலைகளிலேயே அடங்கிவிட்டிருந்தனர்.