சபூரின் எல்லை: கஸ்ஸாலியும் திருப்பூர்க் கூலியும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஷிப்டு குறைந்து சனிக்கிழமைச் சம்பளம் சுருங்கும்போது, முஸ்லிம் குடும்பங்களில் முதலில் காதில் விழும் ஆறுதல் ‘சபூர் பண்ணுங்க’ என்பதுதான். சொல்பவரின் அன்பில் குறையில்லை. ஆனால் வாய்மூடிச் சகிப்பதே பொறுமை என்று கொள்ள இஸ்லாமிய ஆன்மிக மரபு இடம் தருகிறதா? தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இமாம் கஸ்ஸாலியின் (1058–1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ 40 நூல்களால் ஆனது. ஈடேற்றம் தரும் பண்புகளைப் பேசும் கடைசிக் கால்பகுதியில், பொறுமையும் நன்றியும் 32ஆம் நூலாகவும் அச்சமும் ஆதரவும் (இறையருளில் வைக்கும் நம்பிக்கை) 33ஆம் நூலாகவும் அடுத்தடுத்து வருகின்றன. இச்சையின் உந்துதலை மார்க்கத்தின் உந்துதல் எதிர்த்து நிற்பதையே அவர் பொறுமை என்கிறார். அது உழைப்பு; சும்மா இருப்பதன்று. இதைவிடக் கூர்மையானது அவருடைய பகுப்பு. பொறுமையில் கடமையானதும் விரும்பத்தக்கதும் உண்டு; வெறுக்கத்தக்கதும் விலக்கப்பட்டதும் உண்டு. தன் கையோ தன் பிள்ளையின் கையோ வெட்டப்படும்போது மௌனம் காப்பவனின் பொறுமை ஹராம். நம் பயான்களில் அரிதாகவே எட்டிப் பார்க்கும் பக்கம் இது.

இந்த அளவுகோலோடு நொய்யல் ஆற்றைப் பார்க்கலாம். பாசனத்துக்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் விதியை நொந்து உட்காராமல் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அவ்விவசாயிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் விலக்கப்பட்ட பொறுமைக்கும் வேண்டிய பொறுமைக்கும் கஸ்ஸாலி காட்டும் வேறுபாடு அவர்கள் நடத்தையில் துலங்குகிறது: தீங்கைச் சகிக்க மறுத்தார்கள், தீர்ப்புக்கான நெடுங்காத்திருப்பைத் தாங்கினார்கள். (மூடலில் வேலையிழந்தவர்களின் துயரம் தனியே எழுத வேண்டியது.)

அச்சமா ஆதரவா, எது சிறந்தது என்று கேட்பது, ரொட்டியா தண்ணீரா என்று கேட்பதைப் போன்றது என்கிறார் கஸ்ஸாலி. பசித்தவனுக்கு ரொட்டி, தாகித்தவனுக்குத் தண்ணீர்; மனமுடைந்தவனுக்கு ஆதரவு, அலட்சியமாய் இருப்பவனுக்கு அச்சம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்க வரி 50 விழுக்காடு ஆனதும் திருப்பூரின் ஏற்றுமதி ஆர்டர்கள் தேங்கின. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கும் அவருக்குக் கைமடியாக நிற்பவருக்கும் அப்போது வேண்டியிருந்தது ஆதரவு. அவர்களிடம் போய் மறுமைப் பயத்தைப் பேசுவது மருந்தை ஆள் மாற்றிக் கொடுப்பதாகும். அச்சம் தேவைப்படுவது, வேலையை முழுதாய் வாங்கிக்கொண்டு கூலியைத் தராமல் விடுபவருக்கு. அத்தகையவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக இறைவன் அறிவிப்பது புகாரியின் தொகுப்பில் உள்ளது. இவ்வூரில் பின்னலாடைத் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களில் குலாம் காதரின் பெயர் முன்னே நிற்கிறது. ஆகவே முதலாளிக்கான அச்சம் நம் ஜமாஅத்துக்கு வெளியே யாருக்கோ சொன்னதன்று.

கஸ்ஸாலி உள்ளத்தின் நோய்களைப் பேசியவர், அவரிடம் கூலிச் சட்டம் தேடலாமா என்ற மறுப்பு எழலாம். தேட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு படித்தரத்தையும் அறிவு, நிலை, செயல் என்று மூன்றாகப் பகுத்தவர் அவரே. செயலை உதிர்த்துவிட்டு நிலையை மட்டும் உபதேசிப்பது அவர் வழியாகாது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் பலனை எதிர்பார்ப்பதை அவர் ஆதரவு என்று ஏற்கவில்லை; தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்றே ஒதுக்கினார்.

சபூரைப் பற்றி ஜும்ஆவில் பேச நினைக்கும் கதீபுகள் 32ஆம் நூலோடு நிறுத்தாமல் 33ஐயும் சேர்த்து வாசித்துவிட்டு மிம்பர் ஏற வேண்டும். முன்வரிசையில் இருக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் அவர்கள் பங்கைச் சொல்ல வேண்டும்.